கூட்டு பேட்டரியும் எதிர்வீட்டு அண்ணாச்சியும்

போன வருஷம் தீபாவளி முடிந்த மறுவாரம் நடந்தது இது. சாத்தூருக்கு வெளியே, ரயில் பாதையைத் தாண்டி இருக்கும் ஒரு புது நகரில் எங்கள் வீடு. எங்கள் பக்கம் வருஷம் பூராவும் மழைக்கு ஏங்கிக் கிடக்கிற பூமி. ஆனால் ஐப்பசியில் நாலு நாள் சேர்ந்தாற்போல் பெய்துவிட்டால் போதும், முதலில் நிரம்புவது ரயில்வே சுரங்கப்பாதைதான். கண்மாய்க்கெல்லாம் அப்புறம்தான் தண்ணீர் போகும். சுரங்கப்பாதை நிரம்பிவிட்டால் எங்கள் நகருக்கும் ஊருக்கும் தொடர்பு அற்றுப்போகும். சுற்றிக்கொண்டு போகிற மண் சாலையும் ஓடைத் தண்ணீரில் மூழ்கிக் கிடக்கும்.

என்ன நடந்தது என்று சொல்வதற்கு முன்னால் எங்கள் தெருவில் இருக்கும் ஒரு திட்டத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சலாக வரும்.

எங்கள் மாடியில் சோலார் தகடு போட்டிருக்கிறோம். மாடிப்படிக்குக் கீழே, பீரோ மாதிரி சுவரோடு ஒட்டி ஒரு பேட்டரி. பகலில் வெயிலில் அது நிரம்பும். கரண்ட் போனால் அதிலிருந்து வீட்டுக்கு எடுத்துக்கொள்ளலாம். இதுவரை எல்லாம் நல்லதுதான். அப்புறம் ஒரு கம்பெனியிலிருந்து ஆட்கள் வந்தார்கள். தெருவில் பேட்டரி வைத்திருக்கிற வீடுகளையெல்லாம் இன்டர்நெட் வழியாக ஒன்றாக இணைப்பார்களாம். ஊரில் மின்சாரத் தேவை கூடுகிற நேரத்தில், அவர்கள் கம்ப்யூட்டரே எல்லார் வீட்டு பேட்டரியிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து லைனில் விடும். பத்துப் பதினைந்து கூரைகள் சேர்ந்து ஒரு மின் நிலையம் மாதிரி வேலை செய்யும். 'மெய்நிகர் மின் நிலையம்' என்று அதற்குப் பெயர். என் வீட்டுக்காரர் அந்தப் பெயரை நாக்குக் குழறாமல் சொல்லப் பழகுவதற்கே ஒரு வாரம் ஆனது. தெருவில் எல்லாரும் 'கூட்டு பேட்டரி' என்று சொல்லிவிட்டார்கள்.

இந்தத் திட்டத்தைக் கொண்டுவந்தவர் எங்கள் தெரு முக்கு வீட்டில் இருக்கும் சார். அரசாங்க உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். நகர் நலச் சங்கத்துக்குச் செயலாளர். தெருவிளக்கு எரியவில்லை என்றால் மனு எழுதுவார், குப்பை வண்டி வரவில்லை என்றால் போன் போடுவார். நல்ல மனிதர்தான். ஆனால் எதையும் மேடை போட்டுத்தான் பேசுவார். பிள்ளையார் கோயிலுக்கு முன்னால் நாற்காலி போட்டுக் கூட்டம் நடத்தி, லேப்டாப்பில் படம் காட்டி, "நம்ம வீட்டுல மிச்சமா இருக்கிறதை ஊருக்குக் குடுக்கப் போறோம். இது வெறும் கரண்ட் இல்ல, ஒரு மனசு" என்று பேசினார். என் வீட்டுக்காரர் முன்வரிசையில் உட்கார்ந்து தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். அன்றைக்கே கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். பேட்டரியில் எவ்வளவு மிச்சம் வைத்துக்கொண்டு மீதியைக் கொடுப்பது என்று நாமே சொல்லலாமாம். இவர் ஆர்வக் கோளாறில் இருப்பதிலேயே குறைந்த அளவை அமுக்கி வைத்துவிட்டார். அப்போது எனக்கு இது தெரியவே தெரியாது.

அந்தக் கூட்டத்தில் ஒரே ஒருவர்தான் எதிர்த்துப் பேசினார். எங்கள் எதிர்வீட்டு அண்ணாச்சி.

அண்ணாச்சி ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் போர்மேனாக இருந்தவர். சில வருஷங்களுக்கு முன்னால் அங்கே தீப்பிடித்தபோது, உள்ளே இருந்த பெண்களை வெளியே அனுப்பிவிட்டுக் கடைசியாக வந்திருக்கிறார். உடம்பில் பெரிய காயம் இல்லை. புகை நெஞ்சுக்குள் போய்விட்டது. நுரையீரல் சுருங்கிப்போனது. இப்போது மூக்கில் குழாயோடுதான் இருக்கிறார். வீட்டில் காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கிற மிஷின் ஒன்று இரவு பகலாக ஓடும். அதற்குக் கரண்ட் வேண்டும். வெளியே போக, தோளில் மாட்டுகிற சின்ன சிலிண்டர். அவர் மனைவியை நான் மதினி என்று கூப்பிடுவேன். மதினி இப்போதும் ஆலைக்கு வேனில் போய்த் திரி வெட்டுகிற வேலை செய்கிறார். வாடகை வீடு. மாடியில் தகடு போட வீட்டின் சொந்தக்காரர் சம்மதிக்கவில்லை.

இவ்வளவையும் கேட்டுவிட்டு அண்ணாச்சி சாதுவான மனிதர் என்று நினைத்துவிடாதீர்கள். தெருவில் அவர் குறை சொல்லாத வீடு கிடையாது. "உங்க மாடித் தகடு மத்தியான வெயிலைத் திருப்பி என் கட்டில்ல கொண்டாந்து கொட்டுது தாயி. நான் என்ன வத்தலா, காயப்போட?" என்று என்னிடம் வாரம் ஒருமுறையாவது சொல்லிவிடுவார். கூட்டத்திலும் சும்மா இருக்கவில்லை. சிலிண்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்து, "பகல் பூரா சேத்து வச்சதை எவனோ எங்கேயோ உக்காந்து ஒரு பட்டனை அமுக்கி உறிஞ்சிட்டுப் போவான். அதுக்குப் பேரு திட்டமா?" என்று கேட்டார்.

சாருக்கு முகம் சிவந்துவிட்டது. "சொந்தமா ஒரு கூரை இருக்கிறவங்க பேசுற கூட்டம் இது" என்று சொல்லிவிட்டார்.

அவ்வளவுதான். அண்ணாச்சி சிலிண்டரை இழுத்து மாட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். மதினி பின்னாலேயே போனார். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. முக்கு வீட்டு வழியாகப் போக நேர்ந்தால் அண்ணாச்சி முகத்தை எதிர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். அந்த வார்த்தையைக் கேட்டுக்கொண்டு அங்கே உட்கார்ந்திருந்த எங்கள் யாருக்கும் சாரை மறுத்து ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை என்பதும் எனக்கு உறுத்தலாகத்தான் இருந்தது.

இனி அந்த மழை நாளுக்கு வருகிறேன். என் வீட்டுக்காரருக்கு லாரி புக்கிங் ஆபீசில் வேலை. ஒரு லோடு விஷயமாகத் தூத்துக்குடி போனவர் மழையில் அங்கேயே மாட்டிக்கொண்டார். நான் சிவகாசியில் ஒரு அச்சகத்தில் டிசைன் பிரிவில் இருக்கிறேன். பட்டாசு சீசன் முடிந்தால் எங்களுக்குக் காலண்டர் சீசன். லீவே கிடைக்காது. ஆனால் அன்றைக்குப் பஸ்ஸே வரவில்லை. சரி, வீட்டிலேயே இருப்போம், துவைத்த துணி காயாமல் நாறுகிறதே, அதையாவது பேனில் காயப்போடுவோம் என்று இருந்தேன்.

காலைச் சாப்பாடு முடிந்த நேரம். திடீரென்று ஒரு சத்தம். காற்றில் வேப்பமரம் ஒன்று முறிந்து டிரான்ஸ்பார்மர் மேல் விழுந்துவிட்டது. தெருவில் ஒரு வீடு பாக்கியில்லாமல் கரண்ட் போனது. எங்கள் வீட்டில் ஒரு நொடியில் பேட்டரிக்கு மாறிப் பேன் ஓட ஆரம்பித்தது. அடடா, இதற்குத்தான் இவ்வளவு செலவு செய்தோம் என்று எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து மதினி நனைந்துகொண்டே ஓடி வந்தார். "தாயி, எங்க வீட்டு இன்வெர்ட்டர் கூப்பாடு போட ஆரம்பிச்சிருச்சு. பழசு, தாங்காது. சின்ன சிலிண்டர் ஒண்ணுதான் இருக்கு. ஏஜென்சிக்காரனுக்குப் போன் போட்டா, பாலத்துக்குக் கீள தண்ணி நெஞ்சளவுக்கு நிக்கி, வண்டி வராதுங்கான். அவுகளை உங்க வீட்டுல கொஞ்ச நேரம் வச்சிக்கிடலாமா?"

"கேக்கவே வேண்டாம் மதினி, கூட்டிட்டு வாங்க" என்றேன். தெருவில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் ஓடியது. குறுக்கே வயர் இழுப்பது ஆபத்து. அதனால் மிஷினையே தூக்கிக்கொண்டு வருவது என்று முடிவானது. நானும் மதினியும் அதைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு வந்தோம். அண்ணாச்சி சிலிண்டரை மாட்டிக்கொண்டு, குடை பிடித்துக்கொண்டு, நாலு அடிக்கு ஒருமுறை நின்று நின்று வந்தார். வந்ததும் வராததுமாக, "உங்க வாசப்படி ரொம்ப உசரம்" என்றார்.

மிஷினை மாட்டினோம். ஓடியது. அண்ணாச்சி நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினார். அப்போதுதான் பேட்டரியில் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்போமே என்று செல்போனை எடுத்தேன்.

அதில் முதலில் ஒரு வாழ்த்துச் செய்தி. கலர் கலராகப் பூ தூவி, 'நன்றி! இன்று காலை உங்கள் வீடு ஊருக்கு ஒளி தந்தது' என்று இருந்தது. அதற்குக் கீழே பேட்டரிப் படம். அடியில் சிவப்பாக ஒரு கோடு மட்டும்.

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. மேகமூட்டத்தால் சோலார் கரண்ட் குறைந்து, ஊரெல்லாம் தேவை கூடியிருக்கிறது. கரண்ட் போவதற்கு முன்னால், காலையிலேயே கம்பெனி எங்கள் பேட்டரியை வழித்து எடுத்திருக்கிறது. எவ்வளவு மிச்சம் வைக்கச் சொல்லியிருக்கிறோம் என்று அதிலேயே தேடிப் பார்த்தால், இவர் இருப்பதிலேயே குறைந்த அளவுக்குச் சம்மதம் கொடுத்திருக்கிறார். வெயிலும் இல்லை, புதிதாக நிரம்ப வழியில்லை. எழுந்துபோய்ப் பேன், பிரிட்ஜ், லைட் எல்லாவற்றையும் அணைத்தேன். வீட்டுக்காரருக்குப் போன் போட்டால், "அது ஒண்ணும் பிரச்சினை இல்ல. திட்டத்துல ஒரு பாதுகாப்பு அளவு இருக்கு. சார் அன்னைக்கே விளக்கமாச் சொன்னாரு" என்று ஆரம்பித்தார். பாதியிலேயே வைத்துவிட்டேன். வைத்திருக்காவிட்டால் அண்ணாச்சி முன்னிலையில் வாயில் வரக்கூடாத வார்த்தை வந்திருக்கும்.

ஆம்புலன்சுக்கும் போன் போட்டோம். வண்டி சுற்றுவழியில்தான் வர வேண்டும், ஓடையில் தண்ணீர் வடிகிறதா என்று பார்த்துக்கொண்டு வருகிறோம், நேரமாகும் என்றார்கள். திட்டத்தில் சேர்ந்த மற்ற வீடுகளுக்கு நனைந்துகொண்டே ஓடினேன். ஒரு வீட்டில் பூட்டு, தீபாவளிக்குப் போனவர்கள் இன்னும் திரும்பவில்லை. அடுத்த வீட்டில் எங்கள் கதைதான். அதே பூ, அதே நன்றி, அதே சிவப்புக் கோடு. மற்ற வீடுகளிலும் இதேதான்; ஊருக்கே பாடம் எடுத்த சார் வீட்டில் ஒரு சொட்டும் மிச்சம் இருக்காது என்று அங்கே மட்டும் போகவில்லை.

திரும்பி வந்து கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போன் போட்டேன். தமிழுக்கு ஒன்று, ஆங்கிலத்துக்கு இரண்டு. பில் சம்பந்தமாக என்றால் ஒன்று, புது இணைப்புக்கு இரண்டு. ஒரு மனிதருக்கு மூச்சுத் திணறுகிறது என்றால் எந்த எண்ணை அமுக்குவது என்று அதில் இல்லை. எதையோ அமுக்கினேன். உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம் என்று ஒரு பெண் குரல் சொன்னது. நாதஸ்வரம் வாசித்தார்கள். மறுபடி முக்கியம் என்றார்கள். மறுபடி நாதஸ்வரம். என் கல்யாணத்தில்கூட அவ்வளவு நேரம் வாசிக்கவில்லை.

கடைசியில் ஒரு பெண் பேசினார். எந்த ஊரோ, வடக்கத்திப் பக்கத்துத் தமிழ். சின்ன வயசுக் குரல்.

"வணக்கம் மேடம். உங்கள் பேட்டரி இன்று வெற்றிகரமாகப் பங்களிச்சிருக்கு. வேறு என்ன உதவி வேணும்?"

"அம்மா, நீங்க எடுத்த கரண்டைத் திருப்பிக் குடுங்க. இங்கன ஒரு மனுஷன் மிஷின்ல மூச்சு விட்டுக்கிட்டு இருக்காரு."

"லைன் சரியானால்தான் மேடம் எதுவும் அனுப்ப முடியும். சிரமத்துக்கு வருந்துகிறோம்."

"நீங்க வருந்த வேண்டாம். எடுக்கும்போது மட்டும் எங்க வீடு எங்க இருக்குன்னு தெரியுதுல்ல? குடுக்கும்போது ஏன் தெரியமாட்டேங்குது?"

எதிர்முனையில் விசைப்பலகை தட்டுகிற சத்தம் கேட்டது. அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார். "மேடம், மற்றவங்க வீட்டு விவரத்தை நான் சொல்லக் கூடாது. ஆனா... உங்க தெருவிலேயே ஒரு பேட்டரி முழுசா இருக்கு. அவங்க பங்களிப்பை நிறுத்தி வெச்சிருக்காங்க. உங்க தெருவில் திட்டத்துக்கு முதல்ல பதிவு பண்ணின வீடு. இதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க மேடம்."

முதலில் பதிவு செய்த வீடு எது என்று நான் யாரையும் கேட்க வேண்டியதில்லை. பிள்ளையார் கோயில் முன்னால் கை தட்டலோடு முதல் கையெழுத்தைப் போட்டவர் முக்கு வீட்டுச் சார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இது வெறும் கரண்ட் இல்லை, ஒரு மனசு என்று பேசியவர், எங்களையெல்லாம் மனசைத் திறந்துவைக்கச் சொல்லிவிட்டுத் தன் வீட்டு மனசை மட்டும் பூட்டி வைத்திருந்திருக்கிறார். அந்த ஆத்திரத்தோடேயே குடைகூட எடுக்காமல் போய் அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

சார் கதவைத் திறந்தார். விஷயத்தைச் சொன்னேன். ஆம்புலன்ஸ் வரவில்லை, எங்கள் பேட்டரி எந்த நிமிஷமும் நின்றுவிடும், அண்ணாச்சியை இங்கே கொண்டுவர வேண்டும் என்றேன்.

"கொண்டு வரலாம்மா. ஆனா நம்ம வீட்டுலயும் கொஞ்சந்தான்..." என்று இழுத்தார்.

அந்தப் பெண் சொன்னதைச் சொன்னால் அவள் வேலைக்கு ஆபத்து. சொல்லாவிட்டால் இந்த மனிதர் இழுத்துக்கொண்டே நிற்பார். பல்லைக் கடித்துக்கொண்டு, "இருக்கிறதைக் குடுங்க சார். இருக்கிறது போதும்" என்றேன். அவர் என் முகத்தையே பார்த்தார். என் முகத்தில் என்ன தெரிந்ததோ, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என்னோடு இறங்கி வந்தார்.

இங்கே வந்தால் அண்ணாச்சி வேறு கச்சேரி வைத்தார். எங்கள் வீட்டில் மிஷின் நின்றுபோய், மதினி அந்த ஒரே சிலிண்டரை மறுபடி மாட்டியிருந்தார். அதில் முள் பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. வாசலில் சாரைக் கண்டதும் அண்ணாச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டார். "நான் அந்த வீட்டுக்குப் போக மாட்டேன். கூரை இல்லாதவனுக்கு அங்கன என்ன வேல?"

"இப்ப இதுதான் பேச்சா? மூச்சுக் காத்து தீந்துக்கிட்டு இருக்கு, உங்களுக்கு ரோசம் கேக்குதா?" என்று மதினி கத்தினார். அவர் அழுதுகொண்டே கத்தினார். எனக்கு இரண்டு ஆண்களையும் மழையில் தள்ளிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளலாமா என்று இருந்தது.

சார் உள்ளே வந்தார். குனிந்து அந்த மிஷினைத் தனியாளாகத் தூக்கிக்கொண்டார். நானும் மதினியும் சேர்ந்து தூக்கியதையே மூச்சு வாங்கத் தூக்கினோம். அவருக்கும் வயசாயிற்று. வாசற்படியில் இறங்கிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னார்: "நீங்க என்கிட்ட பேச வேண்டாம். உங்க மிஷின் என் வீட்டுக்குப் போகுது. அது இல்லாம உங்களால இருக்க முடியும்னா இங்கனயே இருங்க."

அண்ணாச்சி வாசலைப் பார்த்து முறைத்தார். பிறகு, "குடையை எடு" என்றார் மதினியிடம்.

எங்கள் வீட்டிலிருந்து முக்கு வீட்டுக்கு அப்படி ஒன்றும் தூரமில்லை. சாதாரண நாளில் காய்கறி வண்டியைக் கூப்பிட்டபடியே நடந்துவிடுவேன். அன்றைக்கு அந்தத் தெரு முடியவே இல்லை. அண்ணாச்சி நடுவில் இரண்டு முறை நின்றார். ஒருமுறை உதடு நீலம் பாரித்து, கண் ஒரு மாதிரி போய்விட்டது. மதினியும் நானும் ஆளுக்கொரு கையைத் தோளில் போட்டுக்கொண்டு இழுத்த மாதிரிதான் கொண்டுபோனோம். அந்த ஐந்து நிமிஷத்தில் எந்தக் கோபமும் எனக்கு இல்லை. பயம் மட்டும்தான். சார் மிஷினை இறக்கிவைத்துவிட்டு ஓடி வந்து அண்ணாச்சியை இடுப்பில் கைகொடுத்துத் தூக்கிக்கொண்டார். அண்ணாச்சி தடுக்கவில்லை. தடுக்க அவரிடம் தெம்பும் இல்லை.

உள்ளே கொண்டுபோய் உட்காரவைத்துக் குழாயை மாட்டினோம். மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. மதினி, விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று பார்க்கிற சின்னக் கருவியை வைத்துக்கொண்டு அதில் தெரிந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். மெல்ல மெல்ல ஏறியது. அண்ணாச்சியின் உதட்டில் நிறம் திரும்பியது. நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். சேலையிலிருந்து தண்ணீர் சொட்டிச் சாரின் ஹாலில் குளமாகத் தேங்கியது.

வீட்டில் ஒரு விளக்கில்லை. பேன் இல்லை. மழையானாலும் கதவெல்லாம் சாத்திய வீட்டில் ஒரே புழுக்கம். அண்ணாச்சிக்கு நெற்றியில் வேர்த்துக் கொட்டியது. சார், கரண்டை மிச்சம் பிடிக்கிறவர் மாதிரி எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஓரமாக நின்றார். அவ்வளவு பயத்துக்குப் பின்னால் எனக்கு மறுபடியும் எரிச்சல் வந்துவிட்டது. எழுந்துபோய்ப் பேன் சுவிட்சைப் போட்டேன்.

"என்ன தாயி, பேனைப் போடுத? பேட்டரி தீந்துராதா?" என்றார் அண்ணாச்சி.

"தீராது அண்ணாச்சி" என்றேன். சாரைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன்.

சார் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். ஓடுகிற பேனை அண்ணாந்து பார்த்தார். எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. மறைக்க இனி ஒன்றுமில்லை என்று தோன்றியிருக்க வேண்டும். அண்ணாச்சியைப் பார்த்து அவரே சொன்னார். "பேட்டரி முழுசா இருக்கு. நான் பங்கு குடுக்கல. ரெண்டு மாசமா நிறுத்தி வச்சிருக்கேன்."

மதினி கருவியிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

"எல்லாரையும் சேத்து விட்டது நான்தான்" என்றார் சார். "சேத்து விட்டுட்டு வீட்டுக்கு வந்தா எனக்குப் பயமா இருந்துச்சு. தனியா இருக்கேன். ராத்திரி கரண்ட் போயி, பேட்டரியும் இல்லாமப் போனா என்ன செய்யன்னு. மொதல்ல ஒரு நாளைக்குன்னுதான் நிறுத்துனேன். அப்படியே விட்டுட்டேன். வெளிய சொல்ல வெக்கமா இருந்துச்சு."

அண்ணாச்சி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் தோள் குலுங்க ஆரம்பித்தது. மூச்சு முட்டுகிறதோ என்று மதினி பதறி எழுந்தார். சிரித்திருக்கிறார் மனிதர். சிரித்துச் சிரித்து இருமல் வந்து, ஏறியிருந்த எண் மறுபடி இறங்கி, மதினி தலையில் அடித்துக்கொண்டு முதுகைத் தடவிவிட்டார். ஒருவழியாக அடங்கியதும் அண்ணாச்சி சொன்னார்:

"நல்ல வேளையா நீரு யோக்கியமா நடக்கல. நீரு சொன்னபடி நடந்திருந்தா, இந்நேரம் என்னைத் தூக்கித்தான் இருப்பாக."

சார் தலையைக் குனிந்துகொண்டார். சிரிக்கிறாரா, அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அன்னைக்குக் கூட்டத்துல நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்றார். "ஆமா, பேசியிருக்கக் கூடாது" என்றார் அண்ணாச்சி. பரவாயில்லை என்றெல்லாம் சொல்லவில்லை. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மத்தியானத்துக்கு மேல் ஆம்புலன்ஸ் வந்தது. பரிசோதித்துவிட்டு, ஆபத்து இல்லை, ஆனால் ஆஸ்பத்திரிக்கு வருவது நல்லது என்றார்கள். அண்ணாச்சி, "இங்கன பேனு ஓடுது, காப்பி குடுக்காக, அங்க வந்து வராண்டாவுல படுக்கவா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார். எரிச்சல் வராமல் என்ன செய்யும்? சிலிண்டர் ஒன்றை மட்டும் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டோம். மின்வாரிய ஆட்கள் இடுப்பளவுத் தண்ணீரில் நீந்தாத குறையாக வந்து, மரத்தை அறுத்து அப்புறப்படுத்தி, விளக்கு வைக்கிற நேரத்துக்கு லைனைச் சரிசெய்தார்கள். கரண்ட் வந்த கொஞ்ச நேரத்தில் என் போனில் 'டிங்' என்று ஒரு செய்தி. கூட்டு பேட்டரித் திட்டத்தில் தொடர்ந்து இணைந்திருப்பதற்கு நன்றியாம்.

அதற்குப் பிறகு எவ்வளவோ மாறியது என்று சொல்ல ஆசைதான். கம்பெனிக்கு நானும் சாரும் சேர்ந்து புகார் எழுதினோம். மழைக்காலத்தில் முன்னெச்சரிக்கை வேண்டும், மருத்துவக் கருவி ஓடுகிற தெருவில் காலையிலேயே வழித்து எடுக்கக் கூடாது, வாடகைக்கு இருப்பவர்களையும் திட்டத்தில் சேர்க்க வழி வேண்டும் என்று கேட்டோம். தங்கள் கருத்துக்கு நன்றி என்று பதில் வந்தது. அதற்கு மேல் இன்றுவரை ஒன்றும் வரவில்லை. ஆகவே நாங்களே ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். வானிலை மோசம் என்று தெரிந்தால் எல்லா வீட்டிலும் பேட்டரியில் பாதிக்கு மேல் கைவைக்க விடுவதில்லை. சார் மறுபடி பங்கு கொடுக்க ஆரம்பித்திருக்கிறார். ஒவ்வொரு வாரமும் எவ்வளவு கொடுத்தேன் என்று கேட்காமலேயே வந்து போனைக் காட்டுவார். என் வீட்டுக்காரர் இன்னும் அந்தத் திட்டத்தின் மகிமையைப் பற்றிச் சொந்தக்காரர்களிடம் பேசிக்கொண்டுதான் இருக்கிறார். அண்ணாச்சி சாயங்காலங்களில் முக்கு வீட்டுக்குப் போய் உட்கார்ந்து, சாரின் பேன் சத்தம் போடுகிறது, காப்பியில் சர்க்கரை கம்மி என்று குறை சொல்லிவிட்டு வருகிறார்.

ஒன்றுதான் எனக்கு ஆறவில்லை. அந்தப் போனில் பேசிய பெண். மறுநாள் கம்பெனியிலிருந்து, எங்கள் ஊழியரின் சேவைக்கு ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் கொடுப்பீர்கள் என்று கேட்டிருந்தார்கள். ஐந்து கொடுத்தேன். காரணத்தைக் குறிப்பிடவும் என்று கீழே ஒரு கட்டம். காரணத்தை எழுதினால் அவள் வேலை போய்விடும். வெகுநேரம் யோசித்துவிட்டு, 'நன்றாகப் பேசினார்' என்று மட்டும் எழுதினேன். ஒரு விதியை மீறி ஒரு உயிரைக் காப்பாற்றியவளுக்கு என்னால் கொடுக்க முடிந்தது அவ்வளவுதான்.

இன்றைக்கும் யாராவது பங்கிட்டுக்கொள்வது பற்றிப் பேசினால், மேடையில் பேசியவரையும், பேட்டரியைப் பூட்டி வைத்தவரையும், அதைத் திறந்து கொடுத்தவரையும் என்னால் தனித்தனி மனிதர்களாகப் பிரித்துப் பார்க்க முடிவதில்லை, அதனால்தானோ என்னவோ, மழை இருட்டிக்கொண்டு வரும்போதெல்லாம் யாரையும் திட்டுவதற்கு முன்னால் எதிர்வீட்டுக்குப் போய், "மதினி, சிலிண்டர் எம்புட்டு இருக்கு?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறேன்.